புவனா அக்கா போட்ட வட்டம்

செய்தி வந்தபோது நான் ராஸ் அல் கைமாவில், சிமெண்ட் ஏற்ற வந்த ஒரு கப்பலின் வேலையாக, துறைமுக வாசலில் லாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். புஜைராவிலிருந்து எங்கள் லாஞ்ச் படகை ஓட்டும் உஸ்மான் பாய் அழைத்தார். எப்போதும் சத்தம் போட்டுப் பேச்சைத் தொடங்குபவர், அன்று என் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினார். பிறகு இந்தியில் சொன்னார்: "தீதி டியூட்டிக்கு வரவில்லை. கதவைத் திறந்து பார்த்தார்கள். கலாஸ், எல்லாம் முடிந்தது."

உஸ்மான் பாய்க்குத் தீதி, துறைமுகத்தாருக்கு மேடம், நமக்கெல்லாம் புவனா அக்கா. சாவகச்சேரிக்காரர். புஜைரா கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் மருந்தும் அனுப்பும் எங்கள் சிறிய கம்பெனியில் அவருடைய மேசைக்கு அடுத்த மேசை என்னுடையது. நான் விருதுநகர்ப் பக்கம். அவருடைய தமிழ் முழுதாக எனக்குப் பிடிபடவே ஒரு வருடம் ஆனது.

இந்த நினைவு மலரில் அவருடைய பொங்கல் விழாக்களைப் பற்றியும், அவர் காய்ச்சும் ஒடியல் கூழைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறீர்கள். நான் ஒரு காலைப்பொழுதைப் பற்றி எழுதுகிறேன். இத்தனை காலம் அதை வெளியே சொல்லவில்லை. சம்பந்தப்பட்ட இருவரும் இப்போது இந்த நாட்டில் இல்லை. எழுதலாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

ஒரு பழைய எண்ணெய்க் கப்பல் எங்கள் கடலில் நின்றுகொண்டிருந்தது. அதன் முதலாளி கைவிட்டு ஓடிவிட்டார். கோர்ட் அந்தக் கப்பலைப் பிடித்து வைத்திருந்தது. மாற்று ஆட்கள் வராமல் உள்ளே இருப்பவர்கள் இறங்கக்கூடாது, மாற்று ஆட்களை அனுப்ப முதலாளி இல்லை. கரை கண்ணுக்குத் தெரியும். மலையும் கட்டடங்களும், சாலையில் போகும் வண்டிகளின் விளக்குகளும்கூடத் தெரியும். அங்கிருந்து பார்த்துக்கொண்டே ஒரு வருடத்துக்கு மேல் அவர்கள் கப்பலிலேயே கிடந்தார்கள். ஜெனரேட்டரைக் கொஞ்ச நேரம்தான் ஓட்டுவார்கள். மற்ற நேரத்தில் இரும்பு கொதிக்கும். எல்லாரும் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள்.

அந்தக் கப்பலில் இரண்டாவது இன்ஜினியர் முருகவேல். தூத்துக்குடிப் பையன். அதற்கு முன் இங்கே கரையில், கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் வேலை பார்த்தவன். அப்போதுதான் ஜென்னாவைச் சந்தித்திருக்கிறான். ஜென்னா இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையைச் சேர்ந்தவள், புஜைராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. விடுமுறை நாளில் கடற்கரையில் குப்பை பொறுக்கும் கூட்டம் ஒன்றில் பழக்கமாகி, கல்யாணம் வரைக்கும் பேசி வைத்திருந்தார்கள். ஒரே ஒரு பயணம் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் அந்தக் கப்பலில் ஏறினான்.

ஒருநாள் மதியம் முருகவேல் அக்காவுக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன். தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டான். அக்கா சொன்னார். அவன் போனை வைக்காமல் தொடர்ந்தான்.

"யக்கா, ஜென்னாவுக்கு இந்த மாசத்தோட வேலை முடியுது. விசாவும் முடிஞ்சிரும். அவ ஊருக்குப் போயிருவா. நா இங்கனயே கெடப்பேன். கரை இந்தா தெரியுது. குதிச்சு நீந்திரலாமான்னு தோணுதுக்கா."

அக்கா பதறவில்லை. "குதிக்கிற கதை பிறகு கதைப்பம். அந்தப் பிள்ளையின்ர நம்பரைத் தா," என்றார்.

ஜென்னா மறுநாளே அலுவலகத்துக்கு வந்தாள். அவள் கேட்டது நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று. போவதற்கு முன் அவளுடைய முறைப்படி ஒரு திருமணச் சடங்கு செய்ய வேண்டும். பதிவெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவள் விக்கா என்னும் மதத்தைச் சேர்ந்தவள். மரத்தையும் நிலாவையும் பருவங்களையும் கும்பிடுகிறவர்கள். அவர்களுக்கென்று கோயில் கிடையாது. எங்கே சடங்கோ அங்கே பெருக்கித் துடைத்து ஒரு வட்டம் போடுவார்கள். கிழக்கில் காற்றை, தெற்கில் நெருப்பை, மேற்கில் நீரை, வடக்கில் மண்ணை அழைப்பார்கள். சடங்கு முடியும்வரை அந்த வட்டம்தான் கோயில். உள்ளே மணமக்களின் கைகளைக் கயிற்றால் கட்டுவார்கள்.

அக்கா விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். "நாலுதானே வருது? ஆகாயத்தை விட்டிட்டியளே பிள்ளை," என்று கேட்டு, அதையே ஆங்கிலத்திலும் சொன்னார்.

"ஐந்தாவது நடுவில் இருக்கிறது. அதற்குத் திசை கிடையாது," என்றாள் ஜென்னா.

"அப்ப சரி," என்றார் அக்கா. ஏதோ தன் வீட்டுப் பெண்ணின் சாதகம் பொருந்திவிட்டதுபோல அவர் முகம் இருந்தது.

இந்த அரபு நாட்டில் அதற்குச் சொல்லும் பெயர் சூனியம். பிடிபட்டால் சிறை. சட்டத்தில் இருக்கிறது. அக்காவிடம் தனியாகச் சொன்னேன். "தெரியும் தம்பி. மந்திரம் எண்டு ஆர் சொன்னது? ரெண்டு பேர் கை பிடிக்கப் போகினம். கேக் ஒண்டு வாங்கு. ஆரும் கேட்டா பிறந்தநாள்," என்றார்.

துறைமுக அலுவலகத்துக்கு அவரே போனார். ஊருக்குப் போகிற பெண் ஒருமுறை அவனைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்று கேட்டார். அங்கிருந்த இளம் அதிகாரி நல்ல மனிதர். அவராலும் அதற்கு மேல் முடியவில்லை. "லாஞ்ச், ஓகே. கப்பல், மாஃபி," என்றார். அவள் கப்பலின் ஏணியில் கால் வைக்கக்கூடாது. அவன் ஏணியின் அடித்தட்டைத் தாண்டிக் கீழே வரக்கூடாது.

திரும்பி வரும்போது காரில் ஜென்னா அழுதாள். தொடக்கூட முடியாத இடத்தில் எப்படி வட்டம் போடுவது? அதோடு, நங்கூரமிட்ட கப்பல் ஒரே பக்கம் பார்த்து நிற்காது. நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் ஏற்பத் திரும்பிக்கொண்டே இருக்கும். கிழக்கை அழைத்து முடிப்பதற்குள் மேல்தளத்தில் கிழக்கு வேறெங்கோ போய்விடும்.

அக்கா வண்டியை நிறுத்திய பிறகு கேட்டார்: "வட்டம் எவ்வளவு பெரிசா இருக்கலாம்?"

"எவ்வளவு வேண்டுமானாலும்."

"அப்ப முழுக் கப்பலையும் சுத்துவம். கப்பல்தான் திரும்பும், கடல் திரும்பாதே. கிழக்கு கிழக்கிலதான் நிக்கும்."

அந்த வாரக் கடைசியில், தண்ணீரும் அரிசியும் வெங்காயமும் கொண்டுபோன லாஞ்சில் நாங்கள் நாலு பேர் போனோம். ஜென்னா பச்சைச் சேலை கட்டியிருந்தாள், அக்காவுடைய சேலை. மலையாளிக் கடையில் வாங்கிய மல்லிகைச் சரம் தலையில். அக்கா கையில் ஒரு தும்புத்தடி. கல்யாணத்துக்கு விளக்குமாறு கொண்டுபோகும் ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். உஸ்மான் பாய் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அக்கா அவரிடமிருந்து லைட்டரை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். எண்ணெய்க் கப்பலின் பக்கத்தில் ஒரு பொறிகூட ஆகாது. இன்னொரு கையில், அவருடைய பால்கனியில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டி.

கப்பலை நெருங்கியதும் அக்கா லாஞ்சின் தளத்தைத் தானே பெருக்கினார். பிறகு உஸ்மான் பாய் கப்பலை வலப்புறமாக வைத்துச் சுற்றத் தொடங்கினார். "எங்கட வலம் வாறதுதானே இது," என்று அக்கா என் காதில் சொன்னார். மேலே கப்பலில் எல்லாரும் கம்பியோரமாக எங்களோடு கூடவே நடந்து வந்தார்கள். முருகவேல் சவரம் செய்து, கசங்கிய வெள்ளைச் சீருடை போட்டிருந்தான். மெலிந்திருந்தான்.

கிழக்கில் லாஞ்ச் நின்றது. ஜென்னா கண்ணை மூடிக் காற்றை அழைத்தாள். தெற்கில் நின்றபோது தடுமாறினாள். நெருப்புக்கு ஒன்றும் இல்லை. அக்கா முக்காட்டை விலக்கி அண்ணாந்து வெயிலைக் காட்டினார். நெற்றியில் வியர்வை கொட்டிக்கொண்டிருந்த ஜென்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேற்கில் குனிந்து கடலைத் தொட்டாள். அப்போதுதான் ஒரு ரோந்துப் படகு எங்கள் பக்கம் திரும்பியது.

"ஷூ ஹாதா?" இது என்ன என்று அதிலிருந்த ஒருவர் கேட்டார்.

அக்கா கேக் பெட்டியைத் திறந்து உயர்த்திக் காட்டினார். அதில் முருகவேலின் பெயர்கூட எழுதியிருந்தது. ரோந்துக்காரர் கேக்கைப் பார்த்தார், மேலே வரிசையாக நின்ற எலும்புமுகங்களைப் பார்த்தார், தும்புத்தடியையும் பார்த்தார். பிறகு மேல்நோக்கிக் கையை அசைத்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வடக்கில் மண்ணை அழைத்துவிட்டு, ஏணிக்கு அடியில் லாஞ்சைக் கட்டினோம். முருகவேல் அடித்தட்டுக்கு இறங்கி வந்தான். இடையில் ஒரு கை அகலம் கடல். லாஞ்ச் ஏறியும் இறங்கியும் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா தொட்டியை நீட்டி, மண்ணைத் தொடச் சொன்னார். தொட்டவன் கையை எடுக்கவில்லை. மணிக்கட்டு வரைக்கும் உள்ளே புதைத்துக்கொண்டு குனிந்து அதை மோந்தான். தோள் குலுங்கியது. ஒரு வருடத்துக்கு மேலாக அவன் மண்ணைத் தொடவில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

மேலேயிருந்து சமையல்காரர், ராமநாதபுரத்துக்காரர், குரல் கொடுத்தார்: "யக்கா, கொஞ்சம் மண்ணு மேல அனுப்புங்க." கயிற்றில் ஒரு வாளி இறங்கியது. அக்கா தொட்டியை அப்படியே செடியோடு வாளியில் வைத்துவிட்டார்.

ஜென்னா கயிற்றை எடுத்தாள். சிவப்பும் மஞ்சளுமாக அவளே பின்னியது. இருவர் கையையும் சேர்த்து அக்காதான் சுற்றினார். ஒருவரை ஒருவர் பார்த்து என்ன சொன்னார்கள் என்று எழுதப் போவதில்லை, அது அவர்களுடையது. தளர்வாகத்தான் முடிச்சுப் போட்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஓர் அலை லாஞ்சைக் கீழே இழுத்தது. முடிச்சு தானாகவே இறுகியது. உஸ்மான் பாய் கத்தினார். இரண்டு பேரும் கையை விடவில்லை. அடுத்த அலை எங்களைத் தூக்கிக் கொடுத்தது.

அவர்கள் வழக்கத்தில் மணமக்கள் துடைப்பத்தைத் தாண்டிக் குதிக்க வேண்டுமாம். அக்கா தும்புத்தடியை லாஞ்சுக்கும் ஏணிக்கும் இடையில் நீட்டிப் பிடித்தார். அவள் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம், நின்ற இடத்திலேயே குதித்தார்கள். ஏணித்தட்டு டம்மென்று அதிர, மேலே எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். அத்தனை பேர் சிரித்ததை அந்தக் கப்பலில் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

போகும் நேரம் வந்தது. முடிச்சை அவிழ்க்காமல் கைகளை மட்டும் உருவிக்கொண்டார்கள். சடங்கு முடிந்ததும் வட்டத்தைத் திறந்துவிட வேண்டும், அதற்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். ஜென்னா வேண்டாம் என்றாள். "இப்படியே இருக்கட்டும். அவன் இதற்குள் பத்திரமாக இருப்பான்."

அக்கா அவள் தாடையைப் பிடித்தார். முதலில் தமிழில்தான் வந்தது: "அடைச்சு வைக்கிற இடம் இஞ்ச ஏற்கெனவே இருக்கிறதே காணும் பிள்ளை. நாங்களும் ஒண்டைக் கட்டிப்போட்டுப் போகக்கூடாது. திறந்து விட்டிட்டுப் போவம்." பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்.

அப்படியே செய்தோம். கப்பலை இடமாகச் சுற்றுவது எனக்கு என்னவோபோல் இருந்தது, அதைச் சொன்னேன். "போத்தில் மூடியை எந்தப் பக்கம் திருப்பித் திறக்கிறனீ?" என்று கேட்டார் அக்கா. வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஜென்னா நன்றி சொல்லி விடைகொடுத்தாள். பிறகு லாஞ்ச் கரைப்பக்கம் திரும்பியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா முழு வழியும் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

ஜென்னா ஊருக்குப் போனாள். முருகவேல் அதற்குப் பிறகும் பல மாதம் அங்கேயே கிடந்தான். ஆனால் குதிக்கிற பேச்சு மறுபடி வரவில்லை. கடைசியில் கோர்ட் கப்பலை ஏலம் விட்டது. அவர்களைத் துறைமுகத்திலிருந்து நேராக விமானத்துக்குக் கொண்டுபோனார்கள். இந்தக் கரையில் அவன் நடந்தது ஒரு வண்டிக்கும் இன்னொரு வண்டிக்கும் இடையில்தான். இப்போது இருவரும் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். கயிற்றின் முடிச்சை இன்னும் அவிழ்க்கவில்லையாம்.

அக்கா அந்த வேலையை ஏன் அத்தனை பிடிவாதமாகச் செய்தார் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். அவருடைய மகள் கனடாவில் அகதி வழக்கு முடியாமல் இருந்தாள், அதனால் அந்த நாட்டைவிட்டு வெளியே வர முடியாது. அக்கா அங்கே போக விசாவுக்கு மனுப் போட்டுப் போட்டுப் பார்த்தார், ஒவ்வொரு முறையும் மறுத்துவிட்டார்கள். மகளுடைய கல்யாணத்தைப் போனில்தான் பார்த்தார். அன்றைக்கும் டியூட்டிக்கு வந்திருந்தார். இடைவேளையில் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, ஒரு கப்பலுக்கு உருளைக்கிழங்கு குறைந்துபோன விஷயத்தைக் கேட்டார். "வடிவா இருந்தவள்," என்று மட்டும் சொன்னார்.

அவரை ஊருக்கு அனுப்பும் முன், பிணவறையில் நான்தான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "அண்ணை, இன்னும் கிட்டப் பிடியுங்கோ. நெத்தி தெரியேல்லை," என்றாள் மகள். பிடித்தேன். உடல் யாழ்ப்பாணம் போனது. அங்கே தம்பி மட்டும்தான் இருந்தார். மகள் அங்கேயும் போனில்தான் இருந்தாள்.

கப்பல்களிலிருந்து வரும் போன் இப்போது என் மேசைக்கு வருகிறது. தண்ணீருக்கும் மருந்துக்கும் வருவது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் "ஏதாவது சேதி உண்டா" என்று கேட்பவை. பெரும்பாலும் எதுவும் இருக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சொல்ல ஒன்றுமில்லையே என்று ஒரு அழைப்பை நான் எடுக்காமல் விட்டபோது அக்கா சொன்னார்: "ஒண்டுமில்லை எண்டு சொல்லுறதுக்கெண்டாலும் ஆர் ஆவது எடுக்கோணும் தம்பி. மணி அடிச்சுக்கொண்டே இருந்தா, கடலுக்கை இருக்கிற மனிசன் கரையே இல்லையெண்டு நினைச்சிடுவான்."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். நேற்றும் ஒரு கப்பலிலிருந்து ஒருவர் போன் செய்தார். எடுத்தேன். சேதி எதுவும் இல்லை என்று சொன்னேன். அவர் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.