'கை கழுவாதீர்' போர்டும் நாகலிங்க மரமும்

பூங்காத் தோட்டக்காரன்னா செடிக்குத் தண்ணி ஊத்துறவன்னு நினைப்பீங்க. கிடையாது, ஆளை விரட்டுறவன்! பொதுச் சொத்துக்குக் காவல் இருந்து தொண்டை கட்டிப்போன கூட்டாளிகளே, உங்களுக்குத்தான் இது புரியும். வாடிப்பட்டிப் பக்கம், வெள்ளைக்காரன் காலத்துப் பூங்கா ஒண்ணுல, எழுபதுகள்ல எனக்கு அந்த உத்தியோகம்.

மீன் முள்ளு

பூங்கா நடுவுல ஒரு நாகலிங்க மரம். அடிமரத்துலேயே பூக்கும், வாசம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரும். மத்தியானம் பாதி ஊரு அந்த நிழல்லதான் சாப்பிடும். சாப்பிட்டு அங்கேயே கை கழுவும். சோத்துப் பருக்கை, மீன் முள்ளு, எறும்பு. பெருக்குறது யாரு? நான்தானே! 'இங்கே கை கழுவாதீர்'னு நானே பெயிண்டுல எழுதி நட்டு வச்சேன். கோரிப்பாளையத்துலருந்து சைக்கிள்ல கைலி விக்க வர்ற காசிம் பாய் அதை நிதானமாப் படிச்சாரு. படிச்சுட்டு அதுக்கு அடியிலேயே கை கழுவினாரு.

"எழுத்து அழகா இருக்கு மாப்ள."

மொட்டை

அப்புறம் ஒரு வருஷம் மழை பொய்ச்சுப் போச்சு. ஒரு குடத்துக்கு ஊரே அடிச்சுக்கிட்டு நிக்கிது, பூங்காக் குழாயை அடைச்சுட்டாங்க. நியாயம்தான். சித்திரையில மரம் இலை அம்புட்டையும் கொட்டிருச்சு. புதுசா வந்த அதிகாரி அண்ணாந்து பாத்தாரு. பட்டுப்போச்சு, வெட்டி விறகுக்குப் போடுன்னுட்டாரு.

"இந்த மரம் இலையை மொத்தமா உதிர்த்துட்டுத் திரும்பத் துளிர்க்கும் சார்"னு கையெடுத்துக் கும்பிட்டேன். வழக்கமா ஒரு வாரத்துல துளிர்த்துரும். இந்தத் தடவை பன்னிரண்டு நாளாகியும் அசைவைக் காணோம். எனக்கே சந்தேகம் வந்துருச்சு.

"திங்கக்கிழமை வரைக்கும்தான்யா. அப்புறம் ரம்பம் வந்துரும்."

கூப்பிட்டுக் கழுவச் சொன்னது

மறுநாளே வெக்கத்தை விட்டேன். வாசல்ல நின்னு, தூக்குச்சட்டியோட வந்தவங்களை எல்லாம், "அண்ணே, அக்கா, மரத்தடியிலேயே கழுவுங்க"ன்னு கெஞ்சினேன். சிரிச்சாங்க. ஆனா ஊத்துனாங்க. சட்டி அலசின தண்ணி, பிள்ளைக்கு வாய் கழுவின தண்ணி. காசிம் பாய் குடிக்க வச்சிருந்ததுல பாதியை ஊத்தினாரு. அம்மாம்பெரிய மரத்துக்கு இது எந்த மூலைக்குன்னு கேக்காதீங்க. எனக்கு வேற வழி தெரியல.

ஞாயித்துக்கிழமை காலையில உச்சிக் கிளையில ஒரு பச்சைப் பொட்டு. துண்டால வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன்.

திங்கக்கிழமை அதிகாரி வந்து பாத்தாரு, ரம்பக்காரங்களைத் திருப்பி அனுப்பிட்டாரு. மத்தியானம் டிபன் பாக்ஸோட வந்து, நிழலே இல்லாத அந்த மரத்தடியில உக்காந்து சாப்பிட்டு, வேர்ல கை கழுவினாரு. பின்னாடி நின்ன பாய் விடுவாரா?

"சார், போர்டைப் பாக்கலையா?"

ஆளை விரட்டத்தான் எனக்குச் சம்பளம், ஆனா மரம் பிழைச்சது நான் விரட்டியும் போகாத ஆளுங்களாலதான்.