நூல்காரம்மா படித்த ஆறு புள்ளிகள்

எங்கள் தெருவில் அவரை நூல்காரம்மா என்றால்தான் தெரியும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நூலும் பொத்தானும் விற்கிற கடையில் இருபத்தாறு வருஷமாக வேலை. நான் தையற்காரன்; அவர்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். ஒரு துணித்துண்டை நீட்டினால் போதும், முந்நூறு நூல்கண்டுகளுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துத் தருவார். வெயிலில் வைத்துப் பார்த்தாலும் துணிக்கும் நூலுக்கும் பேதம் தெரியாது. அதை ஒரு திறமை என்றே அவர் நினைத்ததில்லை. “கண்ணு இருந்தா தெரியாதா தம்பி?” என்பார்.

அவருடைய கணவர் மீட்டர்க்காரர். முன்னறையைப் பட்டறையாக்கி, கல்லூரி ஆய்வகங்களிலிருந்து வரும் பழைய அளவுக் கருவிகளைப் பழுது பார்ப்பார். கருவியை மட்டுமல்ல, பேச்சையும் அளந்துதான் விடுவார். மனைவியை மேஜைப் பக்கம் அண்ட விடமாட்டார். “ஷாக் அடிக்கும், தள்ளி நில்லு.” கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக அந்த அம்மாவும் அதை நம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு மழை நாளில் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் பழைய ஆசிலாஸ்கோப் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். மின் துடிப்பைத் திரையில் ஒளிக்கோடாக வரைந்து காட்டும் கருவி. வயதில் எங்கள் எல்லோருக்கும் மூத்தது. தூக்க நானும் ஒரு பக்கம் கை கொடுத்தேன். இரண்டு நாள் இடுப்பு பேசியது.

“இதோட வரைபடம் கிடையாது. ஆனா எப்படியாவது ஓட வெச்சுக் குடுங்க,” என்றார் பேராசிரியர். “புதுசுல எல்லாம் ஒரு கறுப்புச் சில்லுக்குள்ள போயிடுச்சு. இதைத் திறந்தாத்தான் பசங்களுக்கு எதையாவது காட்ட முடியும்.”

மீட்டர்க்காரர் வேலையைத் தொடங்கினார். மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கி வைத்து விடுகிற உறுப்புக்குப் புத்தகத்தில் மின்தேக்கி என்று பெயர், பட்டறையில் கண்டன்சர். காகிதம் சுற்றி மெழுகு பூசிய கண்டன்சர்கள் எல்லாம் கசிந்து போயிருந்தன. மேலேயே அளவு எழுதியிருந்ததால் சிரமமில்லாமல் மாற்றிவிட்டார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. தபால்தலை அளவில் பழுப்பு வில்லைகள் சில. அவையும் கண்டன்சர்கள்தான்; உள்ளே அபிரகம் என்கிற மைக்காத் தகடு. கருவி எங்கோ விழுந்து அடிபட்டதில் இரண்டு வில்லைகள் பிளந்திருந்தன. பிளந்ததை மீட்டர் வைத்து அளக்க முடியாது. எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. மேல் வரிசையில் மூன்று, கீழ் வரிசையில் மூன்று என்று ஆறு நிறப் புள்ளிகள், அவ்வளவுதான். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் உண்டு; அதைப் படித்துத்தான் அளவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் வில்லைக்கு மாற்று போட்டு ஓட்டிப் பார்த்தார். திரை உயிர் பெற்றது. ஆனால் ஒரே ஓர் அலை தெரிய வேண்டிய இடத்தில் பத்து அலைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மூன்று நாள் மல்லுக்கட்டினார். சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் சாயங்காலம், அம்மாவிடம் கடையிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்த பொத்தான்களை வாங்கக் கீழே இறங்கினேன். மீட்டர்க்காரர் கருவியின் மூடியைக் கழற்றி, மின்சார வயரைப் பிடுங்கி வைத்திருந்தார். தேநீர் கொண்டுவந்த நூல்காரம்மா, மேஜை மேல் கிடந்த பிளந்த வில்லையைச் சும்மா எட்டிப் பார்த்தார்.

“இதைத்தான் மூணு நாளா முறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கீங்களா? அழகா இருக்கே. மஞ்சள், ஊதா, பிரவுன்.”

“பிரவுனா? எங்க?”

“இதோ, கீழ் வரிசையில இந்த ஓரம்.”

“அது சிவப்பு.”

“சிவப்பா? என்னங்க சொல்றீங்க? யாரைக் கேட்டாலும் பிரவுன்னுதான் சொல்லுவாங்க. நீ பாருப்பா.”

நான் பார்த்தேன். பிரவுன்தான். மீட்டர்க்காரர் நாற்காலியில் சாய்ந்து, உச்சவரம்பைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்: “பிரவுன்னா பத்தால பெருக்கணும். சிவப்புன்னா நூறால. நான் பத்து மடங்கு பெருசா போட்டுட்டேன்.”

பிறகு இன்னும் மெல்ல: “எனக்குச் சின்ன வயசுலேர்ந்து சிவப்பும் பிரவுனும் பச்சையும் ஒண்ணுபோலத்தான் தெரியும். மீட்டர் இருக்கவே எப்படியோ ஓட்டிட்டேன்.”

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நூல்காரம்மா கணவரையும் வில்லையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், தேநீர் தளும்பிச் சிந்தியது.

“அதானே! இருபத்திரண்டு வருஷமா காய்த் தக்காளியா வாங்கிட்டு வந்து என் உயிரை வாங்குனீங்களே! நான் கஞ்சத்தனம்னுல்ல நெனச்சேன்!”

மீட்டர்க்காரரும் சிரித்துவிட்டார். எழுந்து, அந்த மேஜைக்கு முன்னால் முதன்முறையாக மனைவிக்கு நாற்காலி போட்டார்.

இரண்டாவது வில்லை இன்னும் கருவிக்குள்தான் இருந்தது. மேல் வரிசையை இடமிருந்து வலமாகப் படித்து, கீழ் வரிசையில் உழவு மாடு திரும்புவதுபோல் வலமிருந்து இடமாகத் திரும்ப வேண்டும் என்று மீட்டர்க்காரர் சொல்லிக் கொடுத்தார். முதல் புள்ளி வகையைச் சொல்லும். அடுத்த இரண்டும் எண்கள். திரும்பியதும் வருகிற புள்ளி, எத்தனையால் பெருக்குவது என்று சொல்லும்.

“இந்த ரெண்டாவது புள்ளி சாம்பல்தானே? சாம்பல்னா எட்டு.”

அம்மா டார்ச்சை வாங்கி, கன்னம் தகட்டில் படுகிற அளவுக்குக் குனிந்தார். “சாயம் வெளுத்தா மேலாப்புல பாத்து நிறம் சொல்லக் கூடாதுங்க. மடிப்புக்குள்ள பாக்கணும்.” வில்லையைப் பிடித்திருந்த உலோகக் கவ்வி அந்தப் புள்ளியில் பாதியை மறைத்திருந்தது. கவ்வியை ஊசியால் மெல்ல நெம்பினார். வெளிச்சம் படாத அந்தப் பிறை அளவு இடத்தில், நேற்றுப் பூசியது போல நீலம்.

“நீலம்,” என்றார்.

“ஆறு,” என்றார் மீட்டர்க்காரர். சொல்லிக்கொண்டே காகிதத்தில் குறித்தார்.

நிமிரப் போன அம்மா நிமிரவில்லை. டார்ச்சை இன்னும் உள்ளே திருப்பினார். கட்டுக்கட்டாக ஓடிய கம்பிகளை மெழுகு நூலால் கட்டியிருந்தார்கள். ஒரு விரல் அகலத்துக்கு ஒரு முடிச்சு. யார் கண்ணுக்கும் படாத மூலையிலும் அதே அகலம், அதே இறுக்கம்.

“இது நூலுங்க. கையால போட்ட முடிச்சு. எண்ணிப் பாருங்க, நூறுக்கு மேல இருக்கும்.” விரலால் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். “இங்கேர்ந்து முடிச்சு எதிர்ப்பக்கமா திரும்புது. வேற கை. இடதுகைக்காரங்க.”

மீட்டர்க்காரர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். நூற்றுக்கணக்கான கருவிகளைத் திறந்த மனிதர். முடிச்சுகளை ஒரு நாளும் பார்த்ததில்லையாம். எந்த ஊரோ, எந்த நாடோ, இரண்டு பேர் உட்கார்ந்து கட்டியிருக்கிறார்கள். அந்த வரிசையைத் தொடவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

உள்சுவரில் சின்னதாக ஒரு கம்பிச்சுருள் மாட்டியிருந்தது. “அது என்ன?” என்று கேட்டேன்.

“பத்தவைக்கிற ஈயம். இதுல கம்பிங்களைத் தாங்குற பீங்கான் பட்டைக்குச் சாதாரண ஈயம் ஆகாது, வெள்ளி கலந்தது வேணும். பின்னாடி என்னைக்காவது யாராவது பழுது பாக்கத் திறந்தா உதவட்டும்னு, செஞ்சவங்களே வெச்சுட்டுப் போயிருக்காங்க.”

“யாராவதுன்னா யாரு?” என்றார் அம்மா.

“யாரோ. இப்ப நாமதான்.”

மீட்டர்க்காரர் அந்தச் சுருளிலிருந்து இரண்டு அங்குலம் மட்டும் வெட்டி எடுத்து, இரண்டு புது வில்லைகளையும் பற்றவைத்தார். மிச்சத்தை இருந்த இடத்திலேயே மாட்டினார்.

மறுநாள் விடுமுறை. காலையில் கருவியை ஓட்டினார்கள். பச்சைக் கோடு எழுந்தது, வளைந்தது, திரை முழுக்க ஒரே ஓர் அலையாக ஆடாமல் நின்றது. மீட்டர்க்காரர் கைகளைக் கட்டிக்கொண்டார், சபையில் நிற்பவர் மாதிரி.

பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு, “வரைபடம் இல்லாம எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார்.

“நான் இல்லை சார். எனக்குக் கலர் தெரியாது. என் வீட்டுக்காரம்மாதான் படிச்சாங்க,” என்றார். வெளியாள் ஒருவரிடம் அவர் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆய்வகம் மூடியிருந்ததால் பேராசிரியர் அன்று கருவியை எடுத்துப் போகவில்லை. மறுநாள் மூன்று டப்பா நிறையப் பழைய வில்லைகளோடு வந்து, நூல்காரம்மாவுக்கு வணக்கம் சொல்லி, “நேரம் கிடைக்கறப்ப நிறம் பாத்து, அளவு வாரியா பிரிச்சுக் குடுங்கம்மா,” என்று கேட்டுக்கொண்டார். இப்போது விடுமுறை நாட்களில் அந்த மேஜையில் இரண்டு நாற்காலிகள். அம்மா நிறம் சொல்வார், மீட்டர்க்காரர் எண் சொல்வார். தக்காளி வாங்குவது அம்மாவின் பொறுப்பு.

கருவி கல்லூரிக்குப் போவதற்கு முந்தின நாள், மீட்டர்க்காரர் அதில் ஒரு மைக்கைச் செருகிக் கொடுத்து, “ஏதாவது பேசு” என்றார். அம்மா கொஞ்சம் வெட்கப்பட்டு, “என்னங்க” என்றார். திரையில் கோடு துள்ளி, நடுங்கி, அடங்கியது.

“இதுவா என் குரல்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியும் திரையில் ஓடியது. வாயைப் பொத்திக்கொண்டு, கண் கொட்டாமல் பார்த்தபடியே நின்றார்.