ஆறுமணிக் குருவிக்கு ஒரு மூடித் தண்ணீர்

தொண்டி கடற்கரைப் பூங்காவில் ஆறுமணிக் குருவியைப் பார்த்துவிட வேண்டுமென்று பங்குனி முழுக்க அலைந்தேன். குளிர்காலத்தைத் தெற்கே கழித்துவிட்டு இமயமலைப் பக்கம் திரும்பும் வழியில் அது இங்கே இறங்கி இளைப்பாறும். பூங்காவிலோ ஒரே இரைச்சல். செல்போனில் பாட்டு வைக்கிறவர்களை எல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே நடப்பேன்.

ஒரு மாலை அது கண்ணில் பட்டது. பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக, ஒரு பெஞ்சுக்குப் பின்னாலிருந்த புதரடியில், நகரக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தது. பைனாகுலரைத் தூக்கியதும் பெஞ்சிலிருந்த ஓர் அம்மா வெடித்தார்.

"என்ன சார், பொம்பளை உக்காந்திருக்கிற பக்கமே பாக்குறீங்க?"

கூசிப்போய்க் குருவியைக் காட்டினேன். வெகுதூரம் போகிற பறவை, களைத்திருக்கிறது என்றேன். அது ரமலான் மாதம். நோன்பு திறக்க ஒரு டப்பாவில் பேரீச்சம்பழமும் பாட்டிலில் தண்ணீரும் வைத்திருந்தார். டப்பாவின் மூடியில் தண்ணீர் ஊற்றிப் புதரோரம் வைத்தார்.

"பாங்கு சொல்ல இன்னும் நேரமிருக்கே" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "பிரயாணம் போறவங்களுக்கு நோன்பு கடமையில்ல சார்."

குருவி அசையவில்லை. மறுபடியும் பைனாகுலரைத் தூக்கினேன்.

"அங்கிட்டுத் திரும்புங்க சார். இப்படி மொறச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா யாருக்குத் தண்ணி எறங்கும்?"

பங்குனி முழுக்கத் தேடிய பறவைக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து மணலில் உட்கார்ந்தேன். பாங்கு சொல்லும்வரை திரும்பவே இல்லை.