வளையம் பற்றவைத்த ரூபாய்

மாதாப்பூரில் எழும்பிக்கொண்டிருக்கும் கண்ணாடிக் கட்டடம் நண்பகற் புழுதியில் பாதி மேகமாய் மிதக்கிறது. அங்கே மணல் சுமக்கும் லம்பாடிப் பெண்ணின் கழுத்துமாலையில் நிஜாம் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்று அசைகிறது. நாணயம் சேர்ப்பவன் என்று சொல்லி, அதைப் பார்க்கலாமா என்கிறேன்.

சென்னையில் வேலை பார்த்த அவள் கணவன் முந்திக்கொள்கிறான்.

"விக்கத்தான் சார் நினைச்சிருக்கேன். நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"நக்கோ!" என்று மறுத்து, அவள் மாலையைப் பற்றிக்கொள்கிறாள். அவன் நாணயத்தை மட்டும் எனக்காகத் தூக்கிப் பிடிக்கிறான்.

உருப்பெருக்கியில், நாணயத்தில் பொறித்த தேயாத சார்மினார் நிலவொளியில் நிற்பதுபோல் தெரிகிறது. விளிம்பில் மட்டும் வளையம் பற்றவைத்த தழும்பு.

"பத்தவச்ச காசை, சேர்க்கிற எங்க ஆளுங்க யாரும் வாங்க மாட்டாங்கப்பா" என்கிறேன்.

"அட, அப்போ அவளே போட்டுக்கட்டும்" என்று நாணயத்தை விடுகிறான்.

தமிழறியாத அவள், அவன் முகம் வாடுவதைக் காண்கிறாள். மணற்சட்டியோடு சாரம் ஏறுகையில் தன் மொழியில் மெல்லப் பாடத் தொடங்குகிறாள்.