ஜீப்பு ஏறிய சிமெண்டுப் பாதை

போடிமெட்டுக்குப் போகும் ரோட்டிலிருந்து சற்று மேலே, ஏலத்தோட்டத்தின் ஓரத்தில் எங்கள் வீடு. ரோட்டிலிருந்து வாசல்வரை செங்குத்தாக ஒரு சிமெண்டுப் பாதை. அந்த வருஷம் விடாமல் பெய்த மழையில் பாதை முழுக்கப் பாசி படிந்துவிட்டது. என் கணவர் அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதே சமயத்தில் மதுரையில் என் மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவரை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும்.

வழக்கமாக வரும் ஜீப்பு டிரைவர் பாதையைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார்.

“ரோட்டுலயே எறக்கி விட்டுர்றேங்க்கா. இதுல ஏத்துனா வண்டி பின்னால வழுக்கிரும்.”

ஆபரேஷன் ஆன காலோடு அத்தை அதில் எப்படி நடப்பார்? பிளீச்சிங் பவுடர் போட்டு, இடுப்பு விட்டுப்போகும்வரை தேய்த்துப் பார்த்தேன். பாசி அசையவில்லை. போடியில் வாட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என் தம்பிக்குப் போன் செய்தேன். வண்டி கழுவும் பிரஷர் மெஷின் ஒன்றை மறுநாளே பஸ்சில் ஏற்றி அனுப்பிவிட்டு, போனில் மிரட்டினான்.

“செருப்போட நிக்காதக்கா, பூட்சு போடு. கண்ணுக்குக் கண்ணாடி மாட்டு. வயரு ஜாயிண்டு தண்ணியில கெடக்கக் கூடாது. தண்ணி எம்புட்டு வேகம்னு கைய நீட்டிப் பாத்துராத, தோலைக் கிழிச்சிரும்.”

கட்டுப்போட்ட கையோடு கணவர் வராந்தாவில் நின்றார். “ஒன்னால இதப் பிடிக்க முடியுமா?”

“நீங்க சுவிட்ச்சுகிட்ட நில்லுங்க. நான் கைய ஒசத்துனா அமத்திருங்க.”

முதலில் ஒரு மூலையில் அடித்துப் பார்த்தேன். மிக அருகில் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது, சிமெண்டே பெயர்ந்து மணல் தெரிந்தது. தெறித்த கல் ஒன்று கண்ணாடியில் ‘டிக்’கென்று பட்டது. ஓரடி பின்வாங்கி, தண்ணீர் விசிறிபோல் விரியும் முனையை மாட்டினேன். மேலிருந்து கீழாக, கழுவி முடித்த இடத்தில் மட்டும் கால் வைத்து இறங்கினேன். பச்சை உரிந்து உரிந்து ஓட, அடியில் வெள்ளைச் சிமெண்டு பட்டை பட்டையாக வெளியே வந்தது. நிறுத்த மனசே வரவில்லை.

பாதி வழியில் மெஷின் சட்டென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தால், தோட்டத்து வேலைக்கு வரும் அம்மா ஒருவர் கீழேயிருந்து என்னைக் கூப்பிட்டபடி ஏறி வந்துகொண்டிருக்கிறார். இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. நான் கை உயர்த்தாமலே கணவர் சுவிட்ச்சை அணைத்திருந்தார். குழாயில் மிச்சமிருந்த வேகத்தைத் தரையில் பீய்ச்சித் தீர்த்துவிட்டு, அந்த அம்மா ஓரமாக ஏறிப் போனபிறகே மறுபடி தொடங்கினேன். வெயில் தாழ்வதற்குள் ரோடுவரை வந்துவிட்டேன். தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது, ஆனால் நடு ரோட்டில் நின்று கத்தவேண்டும் போலவும் இருந்தது.

அத்தை வந்த அன்று டிரைவர் இறங்கிப் பூட்சுக் காலால் சிமெண்டைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு கியரைப் போட்டு ஒரே மூச்சில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“யாரு புதுசா சிமெண்டு போட்டது?” என்றார் அத்தை.

“யாரும் போடல அத்தை. நான்தான் கழுவினேன்.”

“சுவிட்ச்சு போட்டது நானு” என்றார் கணவர்.

அத்தை சிரித்துக்கொண்டே என் தோளைப் பிடித்து இறங்கினார். மெஷின் பிடித்த தோளில் வலி உயிர் போனது. ஆனாலும் அந்தக் கையை நான் விலக்கவில்லை.