ஃபோர்த்வித் என்றொரு சொல்

“இது இங்கிலீசு படிச்சு என்னத்தக் கிழிக்கப் போகுது?” என்று மாமா அம்மாவிடம் கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு அதிக நாள் ஆகவில்லை. அதே மாதம் எங்கள் வீட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது.

கீழக்குயில்குடிக்கு அப்பால் ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் இருந்தன. தாத்தா காலத்தில் தோப்பு வேலைக்கு வந்தவர்கள் என்பதால், அப்பா பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே குடியிருப்பு. தோப்புக்காரர் இறந்ததும் அவர் மகன் இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி நோட்டீஸ் அனுப்பிவிட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் நிலைத்தவள் நான் ஒருத்திதான். ஏழாம் வகுப்பு. கையில் அகராதி கனமாக இருந்தது; கர்வம் அதைவிடக் கனம்.

பாதிக்கு மேல் புரியவில்லை. காலி செய்யச் சொல்கிறார்கள் என்பது புரிந்தது. அதை ஒட்டி ‘ஃபோர்த்வித்’ என்று ஒரு சொல். அகராதியில் தேடினேன். தலைமையாசிரியர் தேர்வு முடிவு வாசிப்பதுபோல வாசலில் நின்று அறிவித்தேன். “உடனே காலி பண்ணணுமாம்ப்பா.”

அப்பா அப்படியே எழுந்தார். ஏணியை எடுத்துச் சாத்திக் கூரைத் தகரங்களைக் கழற்றத் தொடங்கினார். அடுப்பில் கொதித்த சோற்றை அம்மா அரைவேக்காட்டில் வடித்து, பானையோடு துணியில் கட்டினாள். மத்தியானத்துக்குள் குட்டியானை வண்டியில் தகரம், கட்டில், இரண்டு ஆடுகள், நான். பேரையூரில் மாமா வீட்டுக்குப் பயணம்.

பெரியப்பா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாளையும் படித்துச் சொல்கிறேன் என்று போனேன்.

“எனக்கு இங்கிலீசு தெரியாதுத்தா. வேணும்னா அவன் வந்து தமிழ்ல சொல்லட்டும்.”

“உடனேன்னு போட்டிருக்கு பெரியப்பா.”

“போட்டவன் இங்க வந்து நிக்கலையே. நீ போயி வண்டியில ஏறு.”

பாவம், படிக்காதவர், மாட்டிக்கொள்ளப் போகிறார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

மறுநாளே எங்கள் இடத்தில் முள்வேலி போட்டுவிட்டார்கள். தாமாகவே காலி செய்தவர்கள் என்றாகிவிட்டதால், திரும்பக் கேட்க எங்களுக்கு வாயில்லை. பெரியப்பா வீட்டுக்கு ஆள் வந்தது, பேச்சு நடந்தது. தலைமுறையாகக் குடியிருந்தவரை வழக்குப் போடாமல் கிளப்ப முடியாதென்று தெரிந்து, கடைசியில், இருந்த இடத்தையே அவர் பேருக்கு எழுதிக் கொடுத்தார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

சட்டம் படிக்கும்போது அந்தச் சொல்லைத் தேடிப் போனேன். பல நூற்றாண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அதற்கு ‘ஒன்றோடு சேர்ந்து, கூடவே’ என்று பொருள். கூடவே நடப்பது தாமதமில்லாமல் நடப்பது என்றாகி, ‘உடனே’ வந்தது. நம் ‘உடன்’ ‘உடனே’ ஆனதும் இதே வழிதான். இப்போது பேச்சில் அதை யாரும் சொல்வதில்லை. வக்கீல் தாள்களில்தான் உயிரோடு இருக்கிறது. அங்கேயும் நீதிமன்றங்கள் பெரும்பாலும் அதற்கு ‘இந்த நிமிஷமே’ என்று பொருள் கொள்வதில்லை. நியாயமான அவகாசம் தருகின்றன.

அகராதி பொய் சொல்லவில்லை. நோட்டீஸ் தீர்ப்பு அல்ல, அதற்குப் பதில் எழுதலாம் என்பதுதான் அந்த ஏழாம் வகுப்புக்காரிக்குத் தெரியாது. ‘உடனே’ என்று யார் சொன்னாலும் அந்தக் கணமே எழுந்து பழகியவர் அப்பா என்பதும் தெரியாது. என் படிப்பின் மேல் அவருக்கு அம்புட்டு நம்பிக்கை என்று பூரித்துப்போயிருந்தேன்.

இப்போது நான் வக்கீல். போன வாரம் ஒரு அக்கா இதே மாதிரித் தாளோடு வந்தார். சாமான்களை மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். “போயி எல்லாத்தையும் அவுத்து வைங்கக்கா” என்றேன். அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் பதில் நோட்டீஸைப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன்.