மூன்று விரல் இடைவெளி

என் மகள் சின்னவளாக இருந்தபோது, வீட்டுக்கு வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்க வைத்தவள் என் நாத்தனார். என் கணவருக்கு மூத்தவள், பக்கத்துத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். மாமியார் இல்லாத வீடு என்பதால் அந்த வேலையையும் அவளே சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். காலையில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் கிளம்புவாள். இப்போது அவள் உயிரோடு இல்லை. செத்தவர்களைப் பற்றிக் குறை பேசக்கூடாது என்று என் கணவர் சொல்கிறார். உயிரோடு இருந்தபோதும் பேச விடவில்லை. பிறகு எப்போதுதான் பேசுவதாம்?

மகளுக்கு அப்போது இரண்டரை வயது. நேராக நிற்கச் சொன்னால் முட்டிகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பாதங்கள் விலகி நிற்கும். ஓடினால் முட்டியோடு முட்டி இடிக்கும். சில சமயம் விழுவாள், எழுந்து மறுபடியும் ஓடுவாள். அவளுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. மத்தியானம் அவள் தூங்கும்போது பாவாடையை ஒதுக்கிவிட்டு அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெண் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் என்ன பட்டப்பெயர் வைப்பார்கள், நாளைக்கு யார் கட்டிக்கொள்வான் என்று யோசனை எங்கெங்கோ போகும்.

அளக்கிற வேலையை ஆரம்பித்தது நாத்தனார்தான். வெள்ளிக்கிழமைதோறும் குழந்தையைச் சுவரோரம் நிறுத்தி, "காலச் சேத்து நில்லு" என்பாள். முட்டிகள் தொட்டுக்கொண்டதும் குனிந்து, இரண்டு கணுக்காலுக்கும் நடுவில் தன் விரல்களை நுழைப்பாள். மூன்று விரல் போகும். யார் வந்தாலும் இதைச் செய்துகாட்டுவாள். துணி விற்க வரும் பாயிடம் காட்டினாள். கரும்பு வெட்ட வந்த ஆட்கள் தண்ணீர் குடிக்க வாசலில் நின்றால் அவர்களுக்கும் காட்டினாள். அவர்கள் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள். குழந்தை அதை ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, விரல் நுழையும்போதெல்லாம் கூச்சத்தில் சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் நானும் எட்டிப் பார்த்தேன், இந்த வாரம் இரண்டு விரலாகக் குறைந்திருக்கிறதா என்று.

குற்றம் என்று ஒன்று இருந்தால் செய்தவன் என்று ஒருவன் வேண்டும். அது என் தம்பி என்று முடிவாயிற்று.

என் பிறந்த ஊர் ரிஷிவந்தியத்துக்குப் பக்கம். எங்கள் வீட்டில் குழந்தை பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தால் தாய்மாமன் நடைவண்டி வாங்கித் தருவான். தம்பி திருக்கோவிலூர்க் கடைத்தெருவில் ஒன்றை வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டி, மூங்கில்துறைப்பட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்வரை மிதித்துக் கொண்டுவந்தான். பச்சையும் சிவப்பும் அடித்த மூன்று சக்கர வண்டி. குழந்தை அதைத் தள்ளிக்கொண்டு பத்தாவது மாதத்திலேயே வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். நாத்தனார் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக் கொலுசு இல்லையா என்று மட்டும் கேட்டாள்.

கால் கோணலாகத் தெரிந்த பிறகுதான் வண்டி ஞாபகத்துக்கு வந்தது. "பத்து மாசத்துல எந்தக் கொழந்தயாவது நடக்குமா? இவன் அவசரப்பட்டு வண்டியக் குடுத்து நிக்க வெச்சிட்டான். இளசு எலும்பு, பாரம் தாங்காம உள்ள வளஞ்சிடுச்சி. வண்டியும் குள்ளம். குனிஞ்சிக்கினே தள்ளினா கால் இன்னாத்துக்கு ஆவும்?" என்றாள். அவள் சொல்லி முடித்ததும் கணவர், "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். கட்டிவந்த நாள் முதல் அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

நான் அவளை வெறுத்தேன் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம், பாதிதான் உண்மையாகும். அவள் சொன்னதை நான் நம்பினேன். நம்பியதால்தான் ஒரு நாள் அந்த நடைவண்டியை அரிவாளால் பிளந்து வெந்நீர் அடுப்பில் வைத்தேன். சாயம் பூசிய கட்டை, அடுப்பெல்லாம் நாற்றம். குழந்தை வண்டி கேட்டு இரண்டு நாள் அழுதாள். நாத்தனார் என்னிடம் நான்கு வருஷத்தில் முதல் தடவையாக, "இப்பதான் நீ இந்த வூட்டுப் பொண்ணு" என்றாள். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

பிறகு கட்டுப் போடுவது தொடங்கியது. கல்வராயன் மலையிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து விற்கும் ஒருவரிடம் ஒரு புட்டி வாங்கினாள். அதைத் தேய்த்து, முட்டிகளுக்கு நடுவில் துணிச் சுருட்டு ஒன்றை வைத்து, கணுக்கால் இரண்டையும் வேட்டிக் கிழிசலால் இறுக்கிக் கட்டுவாள். மத்தியானம் ஒரு மணி நேரம் குழந்தை அப்படியே கிடக்கவேண்டும். அது கத்தும். நான் அடுப்படியில் எதையாவது போட்டு உருட்டிக்கொண்டிருப்பேன், சத்தம் கேட்காமல் இருப்பதற்காக.

எங்கள் சனங்கள் இடஒதுக்கீடு கேட்டுச் சாலையில் இறங்கிய சமயம் அது. புளிய மரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டார்கள். பஸ் ஓடவில்லை, ஆலைக்குக் கரும்பு போகவில்லை, டிராக்டர்கள் டிப்பரோடு ஆங்காங்கே நின்றன, வெட்டிய கரும்பு வயலிலேயே காய்ந்தது. என் தம்பி பன்னிரண்டாவது முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டு எழுதிப் போட்டு அலுத்துப்போனவன். அவன் மறியலுக்குப் போனான் என்று தெரிந்ததும் நாத்தனார், "கொழந்த கால வெட்டுனது போதாதுன்னு மரத்த வெட்டப் போயிட்டானா" என்றாள். அவளுடைய சொந்த மகன்களும் அதே கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் போனது சமுதாயத்துக்காக, என் தம்பி போனது திமிரால்.

போலீஸ் ஊர் ஊராக நுழைந்து ஆட்களைப் பிடிக்கிறது என்று சொன்ன ஒரு மத்தியானம் அவன் எங்கள் வாசலில் வந்து நின்றான். செருப்பு இல்லை. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. உள்ளே நாத்தனார் குழந்தையின் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள், குழந்தை கத்திக்கொண்டிருந்தது.

"இன்னாத்துக்குக்கா பாப்பா இப்டி அழுவுது?" என்று கேட்டான். துரத்திக்கொண்டு வருகிறார்கள் என்று சொல்வதற்கு முன் அதைத்தான் கேட்டான்.

உள்ளேயிருந்து நாத்தனார் குரல் வந்தது. "அவன் இந்த வாசப்படிய மிதிச்சா நான் இனிமே மிதிக்க மாட்டேன். நீயே முடிவு பண்ணிக்க."

கணவர் கிணற்றடியில் நின்றார். வாளிக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். நான் நிலைப்படியில் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு, "உள்ள வராத. போடா" என்றேன். போலீசுக்குப் பயந்து அப்படிச் சொன்னதாகப் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னேன். பொய். போலீஸ் என் நினைப்பிலேயே இல்லை. அவளிடம் நல்ல பேர் வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை, அதை விட மனசு வரவில்லை.

அவன் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் கரும்புக்குள் இறங்கினான். ஓடுகிற சத்தம் கொஞ்ச நேரம் தோகையில் கேட்டது. கரும்பைத் தாண்டி இருந்த வாய்க்கால் மதகிலிருந்து குதித்தபோது கல்லிடுக்கில் கால் சிக்கி முட்டி உடைந்ததை மறுநாள்தான் சொன்னார்கள். போலீஸ் அன்றைக்கு எங்கள் தெருவுக்கே வரவில்லை. சாலை அடைத்துக் கிடந்ததால் அவனை உடனே எங்கும் கொண்டுபோக முடியவில்லை. ஊரிலேயே கட்டுப் போட்டார்கள், எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது.

அவனைப் பார்க்க நான் போகவில்லை. விடவில்லை என்று சொல்லிக்கொண்டேன். காலில் யாரும் விலங்கு மாட்டியிருக்கவில்லை.

பஸ் ஓட ஆரம்பித்த பிறகு, யாரிடமும் கேட்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனேன். அங்கே ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சிடுமூஞ்சி. குழந்தையை நடக்கவிட்டுப் பார்த்தார், படுக்கவைத்து இரண்டு காலையும் மடக்கி நீட்டினார். கணுக்காலில் கட்டின தழும்பைப் பார்த்ததும், "இது யார் பண்ண வேல?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரெண்டு காலும் ஒரே மாதிரிதான் இருக்கு. வலி இல்ல, நொண்டல, நல்லா ஓடுறா. இந்த வயசுல நெறைய கொழந்தைங்களுக்கு முட்டி இப்படித்தான் இடிக்கும். ஏழு எட்டு வயசுக்குள்ள தானா சரியாயிடும். ஒரு கால் மட்டும் வளஞ்சா, வலின்னு சொன்னா, வளர வளர ஜாஸ்தியானா தூக்கிக்கினு வா. கட்டறது, எண்ண போடறது எல்லாம் விட்டுடு."

"நடைவண்டியாலதான் இப்டி ஆச்சின்னு சொல்றாங்களே சார்" என்றேன்.

"வண்டி வெக்காத கொழந்தைங்களுக்கும் இப்படி இருக்கே, அதுக்கு இன்னா சொல்வாங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வீட்டில் வந்து சொன்னேன். நாத்தனார் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். "ஆமா, நான் எண்ண தேச்சதுல கொறஞ்சிருக்கும், அதான் டாக்டர் அப்டி சொல்லிட்டாரு" என்றாள். அன்றைக்கு அந்தக் கட்டுத் துணியை எடுத்து அடுப்பில் போட்டேன். அவள் ஒரு வாரம் வரவில்லை, அந்த ஒரு வாரம் வீட்டில் காற்று வந்தது. திரும்பி வந்தபோது கட்டுப் போடுவதைப் பற்றிப் பேசவில்லை, விரல் வைத்து அளப்பதை மட்டும் விடவில்லை.

காது குத்துவதை மட்டும் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும், என் தம்பி மடியைத் தவிர வேறு மடியில் என் மகள் உட்காரமாட்டாள் என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் நான் பிடித்த ஒரே பிடிவாதம் அது. ஆனால் அவனைப் போய்க் கூப்பிடுகிற முகமும் எனக்கு இல்லை. இப்படியே வருஷங்கள் போயின. மகளின் கால்கள் எப்போது நேராயின என்று யாருக்கும் தெரியாது. ஏழாவது வயதில் ஒரு வெள்ளிக்கிழமை நாத்தனார் விரலை வைத்தபோது ஒரு விரல்கூட நுழையவில்லை. எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "செரி, காது குத்திடலாம்" என்றாள். அவ்வளவுதான். என் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் மகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குப் பஸ் ஏறினேன். நடுப்பகல், நல்ல வெயில். வாசலில் நின்று கூப்பிட்டதும் அவன் உள்ளேயிருந்து வந்தான். வலது காலை வளைத்து வீசி, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். கால் உடைந்த பிறகு அவன் நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"காது குத்தணும்டா. உன் மடியிலதான்" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அவன் காலைக் காட்டினான். "சம்மணம் போட வராதேக்கா. மடக்கவே முடியாது. மடிக்கு எங்க போவேன்?"

என் மகளுக்கு அவன் புது ஆள், ஆனால் கால் விஷயம் அவளுக்கு அத்துப்படி. நேராக அவன் முன்னால் போய், நாத்தனாரின் அதே குரலில், "காலச் சேத்து நில்லுங்க மாமா" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே சேர்த்து நிற்கப் பார்த்தான். அவள் குனிந்து, கணுக்கால்களுக்கு நடுவில் விரல்களை வைத்தாள். ஒரு கை முழுதாக நுழைந்தது. மறு கையையும் வைத்தாள், அதுவும் நுழைந்தது.

"பரவால்ல மாமா, தானா சரியாயிடும். எனக்கும் டாக்டர் அப்டிதான் சொன்னாரு" என்றாள்.

அவன் சிரிப்பு நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்று இருந்தது. அவன் சுவரை விட்டுவிட்டு, வாசலை அடைக்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றான்.

"வெயில்ல நிக்காதக்கா" என்றான். "உள்ள வா."